பழைய மடிக்கணினிகள் நம் பிள்ளைகள் வீட்டுக்குப் போகட்டும்: டெல்லித் தமிழர்களிடம் ஒரு யோசனை

முனிர்காவாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

குர்கானில் ஒரு அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிக்கும் பிரிவில் இருக்கிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் இன்டெல்லில் 8-ஆம் தலைமுறை ப்ராசஸராவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். ஆக, 2016, 2017-இல் வாங்கிய மடிக்கணினிகள் எந்தக் குறையும் இல்லாமல் ஓடினாலும் அலுவலகக் கணக்கில் அவற்றின் ஆயுள் முடிந்துவிட்டது. குர்கான், நொய்டா முழுக்க இதே நிலைதான். அட்டைப்பெட்டியில் அடுக்கி மொத்தமாக ஏலத்தில் விடுகிறார்கள். நல்லதெல்லாம் நேரு பிளேஸ் கடைகளுக்குப் போகும். மிச்சம் சீலம்பூருக்குப் போய், பிரித்து, செம்புக்காக உருக்கப்படும்.

இன்னொரு பக்கம் நம் பிள்ளைகள். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சேலம் பக்கமிருந்து வந்து இரண்டு தலைமுறையாக இங்கே வீட்டு வேலையும் கூலி வேலையும் பார்க்கும் குடும்பங்களைத்தான் சொல்கிறேன். பிள்ளைகள் சிபிஎஸ்இ படிக்கிறார்கள். பதினொன்று, பன்னிரண்டில் இன்ஃபர்மேட்டிக்ஸ் ப்ராக்டிசஸ் எடுத்தால் பைதானும் எஸ்கியூஎல்லும் எழுத வேண்டும். அதைப் போனில் எழுதும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பைதானில் வரிக்கு முன்னால் விடும் இடைவெளிகூட முக்கியம். ஆறு அங்குலத் திரையில் பாதியைக் கீபோர்டு மறைத்துக்கொள்ள, மீதியில் நாலு வரிதான் தெரியும். எந்த வரி எதற்குள் இருக்கிறது என்று அந்தப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? அந்தப் போனும் அப்பாவுடையது. காலையில் அவரோடு வேலைக்குப் போய்விடும்.

2017-18-இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்றில், இந்தியாவில் கணினி இருக்கும் வீடுகள் 10.7 சதவீதம்தான். நகரங்களில் 23.4, கிராமங்களில் 4.4. அப்புறம் கொரோனா வந்தது, பள்ளிகள் மூடின, எல்லாரும் ஆன்லைன் வகுப்பு என்று பேசினோம். பள்ளி திறந்ததும் பேச்சு நின்றுவிட்டது.

நான் கேட்பது இதுதான். நாம் பலரும் இப்படிப்பட்ட அலுவலகங்களில் இருக்கிறோம். இந்தக் கணினிகளை வாங்கி, சரிசெய்து, ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகளின் வீட்டில் வைக்க வேண்டும். பொது மையத்தில் அல்ல, வீட்டில். எப்படிச் செய்யலாம் என்று சொல்லுங்கள்.

---

ரோகிணி_செக்டர்7

நல்ல மனசு, அதில் சந்தேகமில்லை. ஆனால் வழி இது இல்லை என்று நினைக்கிறேன்.

ஒரே அறை உள்ள வீட்டில் கணினியை எங்கே வைப்பார்கள்? நாலு பேர் அங்கேயே சமைத்து, சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். கோடையில் தகரக் கூரைக்குக் கீழே நாம் உட்கார முடியாத சூடு. மின்சாரம் போனால் போனதுதான். பணத்துக்கு நெருக்கடி வந்தால் முதலில் விற்கப்படுவது அதுவாகத்தான் இருக்கும், அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. அதே பத்துக் கணினிகளை ஒரு கோயில் மண்டபத்திலோ சங்கக் கட்டடத்திலோ வைத்து ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினால் நூறு பிள்ளைகள் பயன்படுத்தலாம். பராமரிப்பும் சுலபம். பத்து வீட்டுக்குக் கொடுத்தால் பத்து வீட்டுக்குத்தான் பயன்.

---

நரேலா_பிகாம்

அண்ணா, நான் மதராசி கேம்ப் பொண்ணு. ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் இருந்ததே, 2025 ஜூன் 1-ஆம் தேதி இடித்தார்களே, அங்கேதான் பிறந்து வளர்ந்தேன். இப்போது நரேலா. அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி. மெட்ரோ வேண்டுமென்றால் பஸ் பிடித்து சமய்பூர் பாத்லி வர வேண்டும்.

ரோகிணி சார் மண்டபத்தில் வைக்கலாம் என்கிறார். எங்கள் பழைய இடத்தில் பக்கத்திலேயே ஒரு சென்டர் இருந்தது. சாயங்காலம் 5-லிருந்து 8 வரை. அந்த நேரத்தில்தான் எனக்குத் தண்ணி பிடிக்கணும், தம்பியைப் பார்த்துக்கணும், அம்மா வேலை முடிந்து வருவதற்குள் சோறு வைக்கணும். நான் போகும்போது எல்லா சிஸ்டத்திலும் பசங்க உட்கார்ந்திருப்பாங்க. எழுந்திருங்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இருட்டிய பிறகு அம்மா அனுப்பவும் மாட்டாங்க. எனக்குப் படிக்க நேரம் கிடைப்பது ராத்திரி 10 மணிக்கு மேல். அந்த நேரத்தில் எந்த சென்டர் திறந்திருக்கும் சார்?

சியூஇடி நுழைவுத் தேர்வு பற்றி யாரும் எழுதவில்லையே, நான் எழுதுகிறேன். டெல்லி யூனிவர்சிட்டியில் சேர 2022-லிருந்து அதுதான் வழி. 2025-இல் முழுக்கக் கணினியில்தான் நடந்தது. ஒரு பாடத்துக்கு 50 கேள்வி, 60 நிமிஷம். நான் மாக் டெஸ்ட் எல்லாம் போனில் விரலால் தொட்டுத்தான் எழுதிப் பழகினேன். பரீட்சை ஹாலில் உட்கார்ந்ததும் மவுஸ். பாராகிராஃப் கேள்வியில் இடது பக்கம் பாரா, வலது பக்கம் கேள்வி, இரண்டுக்கும் தனித்தனியாக ஓரத்தில் ஒரு கம்பி இருக்கும், அதைப் பிடித்து இழுத்தால்தான் கீழே உள்ளது தெரியும். எனக்கு அந்தக் கம்பி கைக்கு அகப்படவே இல்லை. பதிலைத் தேர்ந்தெடுத்துவிட்டு ‘சேவ் அண்ட் நெக்ஸ்ட்’ அழுத்த வேண்டும். அதை விட்டுவிட்டுப் பக்கத்து நம்பரை அழுத்திப் போனால் அந்தப் பதில் சேராது. பக்கத்து சீட்டில் இருந்த பொண்ணு டக் டக்கென்று போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த பதில் எனக்கும் தெரியும். எனக்கு நேரம்தான் போதவில்லை.

சீட் கிடைத்தது, பி.காம் படிக்கிறேன். நான் கேட்ட காலேஜ் கிடைக்கவில்லை. வீட்டில் ஒரு கணினி இருந்து இரண்டு மாசம் மவுஸ் பிடித்திருந்தால் எனக்கு அது நடந்திருக்காது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

---

திரிலோக்புரி_அம்மா

நீ எழுதியதைப் படித்து மனசு கனத்துப்போச்சு கண்ணு. என் மகள் இப்போது பதினொன்றாவது. நானும் இதையேதான் பயப்படுகிறேன். எங்கள் பிளாக்கில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கு. யாருக்கு உண்மையிலேயே வேண்டும் என்று நான் விசாரித்துச் சொல்ல முடியும்.

வீட்டில் இருப்பதற்கும் வெளியே போய்ப் பழகுவதற்கும் வித்தியாசம் இருக்கு. எங்கள் அம்மா வீட்டில் தையல் மிஷின் இருந்ததால்தான் நாங்கள் அக்கா தங்கச்சி மூன்று பேரும் தைக்கக் கற்றுக்கொண்டோம். யாரும் வகுப்புக்கு அனுப்பவில்லை.

---

ஓய்வுபெற்ற_டீச்சர்

இந்தத் தலைப்பில் எழுத எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். டெல்லியில் பல ஆண்டுகள் கணினிப் பாடம் நடத்தியவள்.

உலகமே பேசிய ஒரு சோதனை நம் ஊரில்தான் நடந்தது. 1999 ஜனவரியில் கல்காஜியில் என்ஐஐடி என்ற கணினிப் பயிற்சி நிறுவனத்தின் அலுவலகத்துக்கும் பக்கத்துக் குடிசைப் பகுதிக்கும் நடுவே இருந்த சுவரில் ஓட்டை போட்டு, ஒரு கணினியைப் பதித்து வைத்தார் சுகதா மித்ரா. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே அதை இயக்கக் கற்றுக்கொண்டார்கள். கணினியைக் கண்டால் ஏழைப் பிள்ளை பயந்துவிடும் என்ற எண்ணத்தை அந்தச் சுவர் உடைத்தது. அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். சுவர்க் கணினிகளைப் பிறகு நேரில் பார்த்த மார்க் வார்ஷாவர் போன்ற ஆய்வாளர்கள், பிள்ளைகள் பெரும்பாலும் விளையாட்டிலும் படம் வரைவதிலும் நின்றுவிட்டதையும், சொல்லிக் கொடுக்க ஆளில்லை என்று பெற்றோர்கள் குறைப்பட்டதையும் எழுதினார்கள். தெருவில் இருக்கும் பொருள் பலசாலிப் பையன் கைக்குத்தான் முதலில் போகும். நரேலாப் பெண் எழுதியிருப்பதும் அதே விஷயம்தான்.

வீட்டில் கணினி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நல்ல ஆய்வு இருக்கிறது. ருமேனியாவில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வீட்டுக் கணினி வாங்க 200 யூரோ கூப்பன் கொடுத்தார்கள். 2004-இல் தொடங்கிய திட்டம். கொஞ்சம் வருமான வித்தியாசத்தில் கூப்பன் கிடைத்தவர்களையும் கிடைக்காமல் போனவர்களையும் மலமுட், பாப்-எலெக்கஸ் என்ற இருவர் ஒப்பிட்டுப் பார்த்து 2011-இல் வெளியிட்டார்கள். கணினி வந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணினித் திறமை கூடியது, சிந்தனைத் திறன் சோதனையிலும் முன்னேற்றம். ஆனால் பள்ளி மதிப்பெண் குறைந்தது. வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்கும் பெற்றோர் இருந்த வீடுகளில் அந்தக் குறைவு அவ்வளவாக இல்லை.

ஆகவே முனிர்கா தம்பிக்கு நான் சொல்வது: வீட்டில் வையுங்கள், ஆனால் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும். மாதம் ஒருமுறையாவது அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். அதற்கு நான் வருகிறேன்.

---

ரோகிணி_செக்டர்7

டீச்சர், நீங்கள் சொன்ன ருமேனியா ஆய்வே என் பக்கம்தான் பேசுகிறது. மதிப்பெண் குறைந்தது என்கிறீர்கள். நம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போனால் வேறு என்ன மிஞ்சும்? தகப்பனுக்கு சொத்தா இருக்கிறது?

---

ஓய்வுபெற்ற_டீச்சர்

நியாயமான கேள்வி. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் ஃபேர்லி, ராபின்சன் இருவரும் வீட்டில் கணினி இல்லாத 1,123 மாணவர்களை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்குக் குலுக்கல் முறையில் கணினி கொடுத்தார்கள். நாம் இங்கே பேசுகிற மாதிரியே பழசைச் சரிசெய்த கணினிகள்தான். 2013-இல் முடிவு வந்தது. மதிப்பெண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆகவே குறையும் என்பது விதி இல்லை. வீட்டைப் பொறுத்தது.

இன்னொன்று, அந்த ஆய்வுகளில் பரீட்சை காகிதத்தில் நடந்தது. இங்கே பரீட்சையே கணினிக்குள் போய்விட்டது. சியூஇடி, ஜேஇஇ மெயின், மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி, எல்லாம். எஸ்எஸ்சி சிஎச்எஸ்எல் கிளார்க் வேலைக்குத் தட்டச்சுத் தேர்வில் நிமிஷத்துக்கு ஆங்கிலத்தில் 35 வார்த்தை அல்லது இந்தியில் 30 வார்த்தை அடிக்க வேண்டும். ஆங்கிலம் என்றால் மணிக்கு 10,500 முறை விசையை அழுத்தும் வேகம். பத்து விரலும் பழகாமல் அது வராது, போனில் இரண்டு கட்டைவிரலால் எத்தனை வருஷம் அடித்தாலும் வராது. தினமும் அரை மணி, மூன்று நாலு மாதம் வீட்டில் உட்கார்ந்து அடித்தால் வரும். என் மாணவிகளுக்கு வந்திருக்கிறது. டெல்லியில் நம் குடும்பங்களுக்கு ஒரு அரசு கிளார்க் வேலை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

---

நேருபிளேஸ்_கடை

பழைய மடிக்கணினி விற்கிற கடையில் வேலை பார்க்கிறேன். கல்காஜி மெட்ரோவுக்கு இந்தப் பக்கம்தான். மேலே உள்ளதை எல்லாம் படித்தேன். பொருளைப் பற்றி நான் சொல்கிறேன், யாரும் ஏமாறக் கூடாது.

அலுவலகத்திலிருந்து வரும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் மாதிரியான பிசினஸ் மாடல்களை எடுங்கள். வீட்டு மாடல்களைவிட உறுதியாக இருக்கும், கழற்றி மாட்ட சுலபம், உதிரிப் பாகம் எங்கள் மார்க்கெட்டில் தாராளமாகக் கிடைக்கும். ஐ5 ஆறாவது, ஏழாவது தலைமுறை போதும். ரேம் 8 ஜிபி இருக்கட்டும். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் எடுத்துவிட்டு அதைவிட வேகமான 256 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள். மெதுவாக இருக்கிறது என்று வருகிற கணினியில் பாதிக்கு மேல் இந்த ஒரு மாற்றத்திலேயே சரியாகிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது பயாஸ் பாஸ்வேர்டு, அதாவது விண்டோஸுக்கு முன்னாலேயே ஓடும் அடிப்படை அமைப்புக்கான பாஸ்வேர்டு. ஆன் செய்ததும் எஃப்1, எஃப்2 அல்லது எஃப்10 அழுத்தி உள்ளே போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அந்த அலுவலகத்தின் ஐடி ஆளிடமே நீக்கித் தரச் சொல்லுங்கள். திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டிருந்தால் உள்ளே உள்ள சின்ன பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. அடுத்தது ஆட்டோபைலட், கம்பெனிக் கணினிகளைப் பதிந்துவைக்கும் மைக்ரோசாஃப்ட் முறை. கணினி இன்னும் அந்தக் கம்பெனி பெயரில் பதிவாகி இருந்தால், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும் நெட் கொடுத்ததும் கம்பெனி மெயில் ஐடி கேட்டு நிற்கும். முனிர்கா அண்ணா, நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். வெளியே வந்த பிறகு கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

சூட்டைப் பற்றி ரோகிணி சார் சொன்னது உண்மை. ஜூன் மாதம் எங்கள் கடைக்கு வருவதில் நிறைய சூட்டில் நின்றுபோனவைதான். ஃபேனில் டெல்லித் தூசி அடைத்திருக்கும், ப்ராசஸர் மேல் சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகி இருக்கும். கொடுப்பதற்கு முன் இரண்டையும் சரிசெய்தால் கோடை தாங்கும். மெத்தை மேல், போர்வை மேல் வைக்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். காற்று போகும் ஓட்டை கீழ்ப்பக்கம்தான் இருக்கிறது. ஒரு மரப்பலகை போதும்.

பேட்டரி பழசாக இருந்தால் ஒரு மணி நேரம்கூட வராது. பரவாயில்லை, கரண்டு போனால் வேலையைச் சேமித்து மூட அந்த நேரம் போதும். ஆனால் உப்பியிருந்தால் ஒரு நாள்கூட வைத்திருக்காதீர்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு தெரிந்தால் உள்ளே பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம்.

---

நொய்டா_திருவண்ணாமலை

நான் தமிழ்நாட்டு அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் படித்தவன். 2011 செப்டம்பர் 15-இல் ஜெயலலிதா தொடங்கிய திட்டம். பிளஸ் டூ படிக்கும்போது எனக்குக் கிடைத்தது. இன்றைக்கு நொய்டாவில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன் என்றால் ஆரம்பம் அதுதான். எங்கள் தெருவில் அதற்கு முன்னால் யார் வீட்டிலும் கணினி இல்லை.

விற்றுவிடுவார்கள் என்று சார் சொல்கிறார். எங்கள் வகுப்பில் விற்றவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் ஏன் விற்றார்கள் என்றும் பாருங்கள். பெரும்பாலும் கெட்டுப்போன பிறகுதான் விற்றார்கள். சரிசெய்ய டவுனுக்குப் போக வேண்டும், அவன் 3,000 கேட்பான், கொடுக்க முடியாது, பரணில் கிடக்கும், அப்புறம் கிடைத்த விலைக்குப் போகும். ஓடிக்கொண்டிருந்ததை விற்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். என்னுடையது கெட்டபோது சித்தப்பாவின் நண்பர் ஒருவர் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தார். அவர் இல்லாவிட்டால் என்னுடையதும் பரணுக்குத்தான் போயிருக்கும். டீச்சர் சொல்கிற ஆள் என்பது எனக்கு அவர்தான்.

முதலில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும் இருந்தது. யாரும் அதைத் திறக்கவே இல்லை, ஏனென்றால் காட்டிக் கொடுக்க ஆளில்லை. நீங்கள் லினக்ஸ் போடுவதாக இருந்தால் இதை மனதில் வையுங்கள்.

---

முனிர்காவாசி

லினக்ஸ் மின்ட் போடலாம் என்றுதான் நினைக்கிறேன். விண்டோஸ் 10-ஐ அப்படியே விட்டால் பாதுகாப்பு அப்டேட் வராது, 11 அந்தக் கணினிகளில் முறைப்படி ஏறாது. மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. பைதானும் லிப்ரே ஆஃபீஸும் அதிலேயே இருக்கும். மை எஸ்கியூஎல் நாம் போட்டுக் கொடுத்துவிடலாம். தமிழ் 99 கீபோர்டும் ஐபஸ் என்ற மென்பொருள் வழியாகச் சேர்த்துவிடலாம். பார்க்க விண்டோஸ் மாதிரியேதான் இருக்கும், பிள்ளைகள் அரை நாளில் பழகிவிடுவார்கள்.

இணையம் எல்லா வீட்டுக்கும் கொடுக்க நம்மால் முடியாது. அப்பா போன் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளலாம். அது இல்லாத நேரத்துக்காக, இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருளை வைத்து முழுத் தமிழ் விக்கிப்பீடியாவையும் எஸ்எஸ்டியிலேயே ஏற்றிக் கொடுக்கலாம். என்சிஇஆர்டி புத்தகங்களின் பிடிஎஃப்பும் அப்படியே.

ரோகிணி சார், ஒரு அறை வீடு பற்றி நீங்கள் எழுதியதை நான் தள்ளிவிடவில்லை. அதனால்தான் மேசைக் கணினி வேண்டாம், மடிக்கணினி என்கிறேன். மூடி அலமாரி மேல் வைத்துவிடலாம்.

யாருக்கு முதலில் கொடுப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. டெல்லி அரசு 2025-26 பட்ஜெட்டில் பத்தாம் வகுப்பில் சிறந்த மதிப்பெண் எடுத்த 1,200 பேருக்கு மடிக்கணினி என்று அறிவித்தது. நல்லதுதான், வாங்கும் பிள்ளை சந்தோஷப்படட்டும். நாம் அந்த வழியில் போக வேண்டாம். 92 மார்க் எடுத்த பிள்ளை எப்படியாவது ஒரு வழி கண்டுபிடித்துவிடும். 61 எடுத்த பிள்ளைக்கு வீட்டில் ஒன்றுமே இல்லை என்றால், நம் முதல் கணினி அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

---

பட்டியாலாஹவுஸ்_வக்கீல்

சட்டப் பக்கம் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அலுவலகங்களில் பேசும்போது உதவும்.

பெரிய நிறுவனங்கள் ஏன் நன்கொடையாகக் கொடுக்கத் தயங்குகின்றன தெரியுமா? 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, மின்கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர், சீரமைப்பாளர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம்தான் அவர்கள் ஒப்படைக்க வேண்டும். தணிக்கையில் அப்படி ஒப்படைத்ததற்கான சான்றிதழைக் கேட்பார்கள். அதனால் மறுசுழற்சியாளருக்குக் கொடுத்துவிட்டால் தலைவலி இல்லை என்று நினைக்கிறார்கள். ஆனால் விதி மின்கழிவு என்று சொல்வது கழிவாகத் தூக்கி எறிந்த பொருளை. ஓடுகிற மடிக்கணினியைப் பயன்பாட்டுக்காகக் கொடுப்பது வேறு. கழிவுப் பட்டியலில் ஏற்றுவதற்கு முன்னாலேயே, பயன்படுத்திய சாதனம் நன்கொடை என்று எழுத்தில் பதிந்து, சீரியல் எண்ணோடு ரசீது வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். டிஸ்கை அவர்களே அழித்து அதற்கும் ஒரு தாள் கொடுக்கட்டும், அல்லது டிஸ்கைக் கழற்றிக்கொண்டு கொடுக்கட்டும். கடைக்காரத் தம்பி சொன்னதுபோல் எப்படியும் எஸ்எஸ்டி போடப்போகிறோமே. நிறுவனம் கொடுப்பதைத் தனி ஆள் பெயரில் வாங்காதீர்கள். பதிவான தமிழ்ச் சங்கம் ஏதாவது ஒன்றின் பெயரில் வாங்குங்கள்.

இன்னொன்றும் ஞாபகப்படுத்துகிறேன். 2020 செப்டம்பர் 18-இல் டெல்லி உயர் நீதிமன்றம், நீதிபதிகள் மன்மோகன், சஞ்சீவ் நரூலா அமர்வு, ஆன்லைன் வகுப்புக்குத் தேவையான கருவியையும் இணையத்தையும் பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிகள் இலவசமாகத் தர வேண்டும், செலவை அரசிடம் திரும்பப் பெறலாம் என்று தீர்ப்பளித்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் சேர்ந்த பிள்ளைகளுக்காக. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. ஆனால் வகுப்பில் பக்கத்துப் பையனிடம் இருக்கும் கருவி இந்தப் பிள்ளையிடம் இல்லை என்றால் அது பாகுபாடு என்று உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதே, அந்த வாதத்தை நான் இன்றும் முழுமனதோடு ஏற்கிறேன். கேரளத்தில் அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே, 2019-இல், ஃபஹீமா ஷிரின் வழக்கில் இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஹாஸ்டலில் செல்போன் தடையை எதிர்த்த ஒரு கல்லூரி மாணவி போட்ட வழக்கு அது.

---

ரோகிணி_செக்டர்7

வக்கீல் சார் எழுதியது பயனுள்ளது. என் கருத்து இன்னும் முழுசாக மாறவில்லை, மையமும் வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் நரேலாப் பெண் கேட்ட ராத்திரி 10 மணிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் வீட்டுக்கும் கொடுப்போம்.

நரேலா எனக்கு எட்டுகிற தூரம். மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கும் வேலையை அங்கே உள்ள வீடுகளுக்கு நான் எடுத்துக்கொள்கிறேன். ரிப்பேர் தெரியாது, எடுத்துவந்து நேரு பிளேஸில் கொடுக்கத் தெரியும்.

---

நரேலா_பிகாம்

ரொம்ப நன்றி சார். எங்கள் பிளாக்கில் பன்னிரண்டாவது படிக்கும் பொண்ணுங்க யார் யார் என்று எனக்குத் தெரியும். சியூஇடிக்கு முன்னால் கிடைத்தால் பெரிய உதவி. மவுஸ் பிடிப்பதும், அந்த இரண்டு பக்கக் கேள்வியும், சேவ் அண்ட் நெக்ஸ்ட்டும் நானே உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு கேள்வி: டச்பேட் இருக்கிறதே, தனியாக மவுஸ் கொடுப்பீர்களா? பரீட்சையில் மவுஸ்தான்.

---

முனிர்காவாசி

கண்டிப்பாகத் தனி மவுஸ் உண்டும்மா. டச்பேடில் பழகிவிட்டு ஹாலில் மவுஸ் பிடித்தால் மறுபடி அதே கஷ்டம்.

டீச்சர், தட்டச்சுப் பயிற்சிக்கு எதைப் போடலாம் என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். திரிலோக்புரி அக்கா, உங்கள் பிளாக் பட்டியலைத் தனிமடலில் அனுப்புங்கள், பொதுவில் பிள்ளைகள் பெயர் போட வேண்டாம். வக்கீல் சார், நன்கொடைக் கடிதத்தின் மாதிரி ஒன்று வேண்டும், தமிழ் தெரியாத அட்மின் மேலாளரிடம் நீட்டுகிற மாதிரி. எங்கள் அலுவலகத்தில் அடுத்த ஏலத்துக்கு முன்னால் பேசிவிடுகிறேன். மற்ற அலுவலகங்களில் இருப்பவர்களும் ஏலத் தேதி என்ன என்று முதலில் கேட்டுவையுங்கள்.

---

நேருபிளேஸ்_கடை

வாங்கும்போது சார்ஜரையும் சேர்த்துக் கேளுங்கள். அலுவலகங்களில் மடிக்கணினியை ஒரு பெட்டியிலும் சார்ஜர்களை இன்னொரு பெட்டியிலும் போட்டுவைப்பார்கள், கேட்காவிட்டால் அந்தப் பெட்டி வராது. 65 வாட் கேட்கும் கணினிக்கு 45 வாட் கொடுத்துவிட்டால் ஓடும், ஆனால் சார்ஜ் ஏறாமல் பிள்ளைகள் திண்டாடுவார்கள். அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். தூசி எடுத்து பேஸ்ட் போடுவதற்கு நான் கூலி வாங்க மாட்டேன், பேஸ்ட் விலை மட்டும். திங்கள், செவ்வாய் கடையில் கூட்டம் குறைவு, அப்போது கொண்டுவாருங்கள்.